கடன்பட்டார் சட்டை: சிம்மக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கடன்பட்டவரின் நெஞ்சு எப்படிக் கலங்கும் என்று தமிழில் மேடைக்கு மேடை பேசியாகிவிட்டது. பட்டிமன்றம் வைத்துத் தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. அந்த நெஞ்சின் மேல் கிடக்கும் சட்டையைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறக்கவில்லை. அது எப்போது எடுத்தது, யார் காசில் எடுத்தது, காலர் எந்த நிலையில் இருக்கிறது, சம்பளத்தில் கடனுக்குப் போனது போக அதற்கு மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்பனவெல்லாம் அறிஞர் பெருமக்களின் கண்ணுக்குத் தப்பிவிட்டன. இக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லையாகச் சிம்மக்கல்லைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. இங்கே மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. ஆய்வு செய்யாவிட்டாலும் செய்ததாகச் சொல்லிக்கொள்ள வசதி. பழைய சொக்கநாதர் கோயில் இருக்கிறது. குபேரன் வந்து வழிபட்ட தலம் என்று சொல்வார்கள். திருப்பதிப் பெருமாளுக்கே கல்யாணக் கடன் கொடுத்தவர் குபேரன். கடன் பற்றிய ஆய்வை அவர் எல்லைக்குள் வைத்துக்கொள்வதுதான் முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கிருந்து விளக்குத்தூண், பத்துத்தூண், தெற்கு மாசி வீதித் துணிக்கடைகளுக்கு நடந்தே போய்விடலாம். போகிற வழியிலேயே அடகுக் கடைகள். துணி எடுக்கும் இடமும் துணிக்குக் காசு புரட்டும் இடமும் ஒரே நடையில் அமைவது ஆய்வாளருக்குக் கிடைத்த பேறு.

கணக்குக்காக ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம்; அரசாணை வழக்கப்படி ‘அன்னார்’ என்றே குறிப்போம். அன்னார் சிம்மக்கல் சந்து ஒன்றில் வாடகைக்குக் குடியிருப்பவர். ஆற்றுக்கு அந்தப்பக்கம் கோரிப்பாளையத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. சம்பளம் 20,000 ரூபாய். ‘ஃபார்மல்ஸ்’ போட்டு, சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டு வர வேண்டும் என்பது அங்கே விதி. வங்கியில் 1 லட்ச ரூபாய் தனிநபர் கடன், 16 விழுக்காடு வட்டி, மூன்று வருசம்: மாதத் தவணை 3,516. மனைவியின் சங்கிலி 20,000 ரூபாய்க்கு ரெண்டு வட்டியில் அடகில்: மாதம் 400. இதுபோகத் தண்டல். 10,000 என்று எழுதிக்கொண்டு கையில் 9,000 தருவார்கள், நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்: மாதம் 3,000. ஆக, 6,916 ரூபாய் சம்பளம் வந்த வேகத்தில் வெளியேறுகிறது. வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம், பெட்ரோல், கேஸ் எல்லாம் போக உடுப்புக்கு மாதம் 300 ரூபாய் நிற்கிறது என்று பெருந்தன்மையாக வைத்துக்கொள்வோம். இந்த 300 ரூபாய்தான் இவ்வாய்வின் களம்.

முன்னோர் கண்ட முடிபுகள்

இத்துறையில் மதுரைக்காரர்களே முன்னோடிகள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், உலகாளும் அரசனானாலும் தூக்கமில்லாமல் வேட்டைக்கு அலைகிறவனானாலும் ஆளுக்கு இரண்டு துணிதான் என்று புறநானூற்றின் 189ஆம் பாட்டில் கணக்கைத் தீர்த்துவிட்டார். செல்வத்தின் பயன் ஈகை என்று காட்ட இதைப் பள்ளியில் நடத்துகிறார்கள். பட்ஜெட் நோக்கில் பார்த்தால் இது உடுப்புக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு. ஆனால் நக்கீரனார் திங்கள் முதல் சனி வரை அலுவலகம் போனவரல்லர். மேலாளர் என்ற இனமும் அவர் காலத்தில் தோன்றியிருக்கவில்லை.

அடுத்தவர் வெளியூர்க்காரர், கண்டுபிடிப்பு மட்டும் மதுரையில் நிகழ்ந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று மேல மாசி வீதி வீட்டில் தங்கியிருந்த காந்தி, தொப்பியையும் சட்டையையும் விட்டுவிட்டு அரைவேட்டிக்கு மாறினார். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதற்கு அவர் கண்ட விடை அது. ஆடித் தள்ளுபடிக்குத் தேதி போடுவதுபோல முதலில் அக்டோபர் 31 வரை என்றுதான் அறிவித்தார். ஆயுள் முழுக்க நீண்டுவிட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது கதர்க் கடை நடக்கிறது. 1931இல் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் போய் மன்னரைப் பார்க்க அந்த உடுப்பு அவருக்குப் போதுமானதாக இருந்தது. அன்னாருக்கு அதே உடுப்பு கோரிப்பாளையம் அலுவலகத்து வாட்ச்மேனைத் தாண்டக்கூடப் போதாது. சிக்கனத்துக்கும் ஓர் அந்தஸ்து வேண்டியிருக்கிறது.

இதே செப்டம்பர் 22ஆம் தேதி 2025இல் துணிவரலாற்றில் மறுபடி இடம்பெற்றது. அன்றுமுதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதற்கு மேல் 18. முன்பு 1,000 ரூபாய் வரை 5, அதைத் தாண்டினால் 12. அன்னாரின் சட்டை எந்தக் காலத்திலும் 1,000 ரூபாயைத் தாண்டியதில்லை. ஆகவே வரி குறைந்த மகிழ்ச்சி அவர் வீட்டு வாசல்வரை வந்து திரும்பிவிட்டது.

மேல்நாட்டாரில் ஆடம் ஸ்மித், 1776இல் வெளிவந்த தம் நூலில், கூலிக்காரர்கூட லினன் சட்டை இல்லாமல் பொதுவில் வர வெட்கப்படுவார், ஆகவே அது அவசியப் பொருளே என்று விளக்கினார். அவருக்கு ஒரு பத்தி தேவைப்பட்டது. சிம்மக்கல்லில் இதை “நாலு பேரு மூஞ்சில முழிக்க வேணாமா?” என்று கேட்டு முடித்துவிடுவார்கள்.

கார்ல் மார்க்ஸ் கள ஆய்வே செய்தவர். 1852 பிப்ரவரியில் லண்டனிலிருந்து ஏங்கல்ஸுக்கு எழுதிய கடிதத்தில், கோட்டு அடகில் இருப்பதால் வெளியே போக முடியவில்லை என்கிறார். கோட்டில்லாமல் அந்தக் குளிரில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்துக்குப் போக முடியாது. நூலகம் போகாமல் எழுத்து ஓடாது, எழுதாமல் காசு வராது, காசு வராமல் கோட்டை மீட்க முடியாது. வேலைக்கான துணியும் கடனும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. அவர் சிம்மக்கல்லில் குடியிருந்திருந்தால் கைலியோடு மாவட்ட மைய நூலகத்தின் பத்திரிகைப் பகுதியில் உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றில் மூலதனத்தைச் சில ஆண்டுகள் முன்னதாகவே முடித்திருப்பார் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. ஏங்கல்ஸ் போன்ற நண்பர் அமைவாரா என்பதுதான் சந்தேகம்.

இருகண் சிக்கல்

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். அன்னாரின் சட்டையை நாள்தோறும் இருவர் கூர்ந்து பார்க்கிறார்கள். ஒருவர் மேலாளர், மற்றவர் தண்டல் வாங்க வருகிறவர். சட்டை பழசாக இருந்தால் மேலாளர் முகம் சுளிக்கிறார்: “கஸ்டமர் முன்னாடி இப்படியா வந்து நிப்பீங்க?” சட்டை புதுசாக இருந்தால் தண்டல்காரர் வண்டியை நிறுத்துகிறார். இஞ்சினை அணைப்பதில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, நோட்டைத் திறக்காமலே கேட்கிறார்: “என்ன மாப்ள, சட்டை புதுசா?”

இந்தக் கேள்வியில் கேள்வி எதுவும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. சட்டைக்குக் காசிருக்கிறது, தவணைக்கு இல்லையா என்ற குற்றப்பத்திரிகை அது. அன்னார் அதற்குச் சொல்லும் விடை வட்டார வழக்கில் உறுதிப்பட்டுவிட்ட ஒன்று: “இல்லண்ணே, மச்சினன் எடுத்துக் குடுத்தது.” அரிதாக “தீவாளிக்கு எடுத்ததுண்ணே, இப்பத்தேன் வெளிய எடுத்தேன்” என்றும் கேட்கலாம். இவ்விடைகளைத் தொகுத்துப் பார்த்தால், மதுரையில் தனக்குத்தானே சட்டை எடுத்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை. நகரத்துச் சட்டைகள் அனைத்தையும் யாரோ ஒரு மச்சினன் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அந்த மச்சினன் யார், அவருக்கு எவ்வளவு கடன் என்பது தனி ஆய்வுக்குரியது.

தண்டல்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. உடுப்பைப் பார்த்துப் பொருளாதாரம் கணிப்பது இவ்வூருக்கு ஊறிப்போன பழக்கம். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்று பார்த்து அந்த வருசத்து விளைச்சலைச் சொல்லிவிடுவார்கள். பச்சை என்றால் நாடு செழிக்கும். அந்தப் பட்டையும் பட்டர் பெட்டிக்குள் கையை விட்டு, வந்ததை எடுத்துத்தான் சாத்துகிறார். பெருமாளுக்கே தேர்வு இல்லாத இடத்தில் அன்னார் பீரோவுக்குள் கைவிட்டு வந்ததைப் போட்டுக்கொண்டால் போதாதா என்றால், போதாது. அழகருக்கு மேலாளர் இல்லை.

ஆக, சிக்கலை இப்படி வரையறுக்கலாம்: மேலாளர் கண்ணுக்குப் புதுசாகவும், கடன் கொடுத்தவர் கண்ணுக்குப் பழசாகவும் ஒரே நேரத்தில் தெரிகிற சட்டை வேண்டும்.

காலர் திருப்பும் கோட்பாடு

இதற்கு அன்னார் முதலில் நாடிய வழி தையற்கடை. சட்டையில் முதலில் சாவது காலர். கழுத்து உரசும் மடிப்பில் நூல் எழும்பி, உள்ளே இருக்கும் கேன்வாஸ் எட்டிப் பார்க்கும். உடம்புத் துணி இன்னும் இரண்டு வருசம் தாங்கும் நிலையில் இருக்கும். காலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வைத்துத் தைத்துவிட்டால் புதுச் சட்டைபோல ஆகிவிடும். முன்பு புது மண்டபத்துக் கற்றூண்களுக்கு நடுவே தையல் எந்திரங்கள் வரிசையாக ஓடிய காலத்தில் இதெல்லாம் ஒருவர் காத்திருக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அன்னார் போவது வீட்டுக்குப் பக்கத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒற்றை எந்திரம் போட்டிருக்கும் பெரியவரிடம். உரையாடலை அப்படியே தருகிறோம்.

“அண்ணே, இந்தக் காலரக் கொஞ்சம் திருப்பி அடிச்சுக் குடுங்க.”

பெரியவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக் காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். “போன வருசமே திருப்பியாச்சு தம்பி. இனித் திருப்புனா பழைய பக்கந்தேன் வரும்.”

ஒரு காலருக்கு இரண்டு பக்கமே உண்டு என்ற இவ்வுண்மை, கடனைத் தீர்க்க வேறொரு கடன் வாங்குவோருக்கும் பொருந்தும் என்றாலும் அது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது.

தேய்ப்புச் செலவு

துணிச் செலவு என்றால் துணியின் விலை என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். இது பெரும்பிழை. 600 ரூபாய்ச் சட்டை ஒன்றை வாரம் இருமுறை வீதம் ஓராண்டு போட்டால் சுமார் 100 முறை. ஒரு முறைக்கு 6 ரூபாய். தேய்ப்பு வண்டியில் உருப்படிக்கு 10 ரூபாய் என்று வைத்தாலும் அதே 100 முறைக்கு 1,000 ரூபாய். சட்டை வாங்குவதைவிடச் சட்டையின் சுருக்கத்தை எடுக்கத்தான் அதிகம் செலவாகிறது. மாதம் 26 வேலை நாள், சட்டையும் பேண்டும் சேர்த்து நாளுக்கு 20 ரூபாய் என்றால் 520 ரூபாய். அன்னாரின் உடுப்புப் பட்ஜெட்டே 300. துணி எதுவும் எடுக்காமலே அவர் மாதம் 220 ரூபாய் பற்றாக்குறையில் இருக்கிறார்.

வீட்டிலேயே இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். 1,000 வாட் பெட்டி நாளுக்குப் பத்து நிமிடம் ஓடினால் மாதம் நாலரை யூனிட்கூட ஆகாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசே இலவசமாகத் தருகிறது. ஆனால் வாடகை வீட்டில் மீட்டர் வீட்டுக்காரருடையது, யூனிட்டுக்கு அவர் போடுவதுதான் விலை. ஆகவே அன்னார் பேண்டை மட்டும் மடிப்புக் குலையாமல் பாய்க்கு அடியில் வைத்து அதன்மேல் படுத்துக்கொள்கிறார். புரண்டு படுத்த நாளில் பேண்டில் இரண்டு மடிப்பு விழுந்திருக்கும்.

அன்னாரின் மனைவி

இதுவரை ஆண் துணியைப் பற்றியே பேசினோம்; அது எளிய கணக்கு. அன்னாரின் மனைவி தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. பள்ளியே ஒரு சேலையைத் தேர்ந்து, திங்கட்கிழமைதோறும் எல்லா ஆசிரியைகளும் அதில்தான் வர வேண்டும் என்றது. சேலை 450 ரூபாய், பரவாயில்லை. ஃபால்ஸ் அடிக்க, ஓரம் அடிக்க, ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி, லைனிங் வைத்துத் தைக்கக் கூலி என்று மேற்கொண்டு ஆனது சேலை விலையைத் தாண்டியது. சேலைக்கு ஆள் இளைத்தாலும் பெருத்தாலும் ஒன்றுதான்; ஜாக்கெட் அப்படியல்ல, ஆண்டுக்கொரு முறை பிரித்துவிட வேண்டும். மற்ற நாட்களுக்கு அவரும் மகளிர் குழுவில் இருக்கும் தோழியும் சேலையை மாற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். வட்டியில்லாமல், எழுத்தில்லாமல், சாட்சியில்லாமல் நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் அந்தச் சந்தில் நடக்கும் அனைத்து நிதி நடவடிக்கைகளிலும் மேலானது. தண்டல்காரர் இவர் சேலையைப் பார்த்து எதுவும் கேட்பதில்லை. இரண்டு வீட்டில் பார்த்த சேலை யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

சட்டமும் சட்டையும்

இந்திய மனிதருக்கு எவ்வளவு துணி தேவை என்று அரசு தரப்பில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட ஆளுக்கு ஆண்டுக்கு 18 கஜம், நால்வர் குடும்பத்துக்கு 72 கஜம் என்று வகுத்தது. 18 கஜம் என்பது ஏறத்தாழ 16.5 மீட்டர். ஒரு முழுக்கைச் சட்டைக்கு 2.25, பேண்டுக்கு 1.25 என்றால் நாலு செட்டுக்கு 14 மீட்டர். மீதியில் ஒரு கைலி, ஒரு கைக்குட்டை. துண்டு, போர்வை, உள்ளாடை ஆகியவற்றுக்கு அன்னார் வேறு நாட்டை நாட வேண்டும். மனைவிக்கு ஐந்தரை மீட்டர் சேலையும் ஜாக்கெட் துணியுமாக இரண்டு தேறும். மூன்றாவது சேலை பாதியில் நின்றுவிடும். அரசுப் பள்ளியில் சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கும் அரசு தருவது நாலு செட் சீருடைதான். ஆக, அரசின் உள்மனதில் உள்ள எண் நாலு. நக்கீரனாரின் இரண்டு இரட்டிப்பாகியிருக்கிறது; ஈராயிரம் ஆண்டு வளர்ச்சி இது.

சட்டம் தரும் இன்னொரு செய்தி அன்னாருக்குத் தெரியாது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி, கடனுக்குத் தீர்ப்பாகி ஜப்திக்கு வந்தாலும் கடன்பட்டவர், அவர் மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் அவசிய உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை இவற்றைத் தொட முடியாது. அதாவது நகை போகும், வண்டி போகும், அன்னாரின் சட்டை போகாது. நாட்டில் இவ்வளவு பாதுகாப்பான முதலீடு வேறில்லை என்று நிதி ஆலோசகர்கள் ஏன் விளம்பரம் செய்யவில்லை என்பது புரியவில்லை. தண்டலைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் அதையும் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. சட்டம் கோட்டையில் இருக்கிறது; வண்டி அன்னாரின் வாசலில் நிற்கிறது.

முடிபும் பரிந்துரையும்

கடன்களை வட்டிக்கேற்ப வரிசைப்படுத்தினால் வங்கிக்கு ஆண்டுக்கு 16 விழுக்காடு, அடகுக்கு 24, தண்டலுக்கோ முன்கழிவையும் நாள்தோறும் குறையும் முதலையும் கணக்கில் எடுத்தால் 75 விழுக்காட்டைத் தாண்டும். கையில் தண்டல் பணம் இருக்கிற நேரத்தில் 900 ரூபாய்க்குச் சட்டை எடுத்தால் அது 1,000 ரூபாய்ச் சட்டை. ஆகவே தண்டல் நோட்டு முடியும்வரை ஒரு கைக்குட்டைகூட எடுக்கலாகாது. முடிந்ததும் மறுநோட்டு போடலாகாது. இதுதான் ஆய்வில் கண்டவற்றுள் கடினமானது. அடுத்தது போனஸ். சட்டப்படி தகுதியுள்ளவருக்குக் குறைந்தது 8.33 விழுக்காடு. அது கைக்கு வந்ததும் முதலில் சங்கிலி, பிறகுதான் சட்டை. தீபாவளிக்கு முந்தைய ராத்திரி விளக்குத்தூண் பக்கம் நேரம் ஏற ஏற விலை இறங்கும். விடியும்வரை காத்திருந்தால் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். ஆனால் அப்போது மிஞ்சியிருப்பது 36உம் 46உம்தான். அன்னார் 40. நள்ளிரவு ஒரு மணி அளவில் வாங்கிவிடுவது உத்தமம்.

இருகண் சிக்கலுக்கு விடை வெள்ளைச் சட்டை. ஒரே துணியில், ஒரே தையலில், நாலு வெள்ளைச் சட்டை. நிறச் சட்டையைத்தான் மேலாளர் “நேத்தும் இதானே?” என்பார், தண்டல்காரர் “புதுசா?” என்பார். வெள்ளையில் நேற்றையது எது, இன்றையது எது என்று எவராலும் சொல்ல முடியாது. சொட்டு நீலம் அளவாகப் போட்டால் மூன்று வருசத்துச் சட்டையும் மேலாளருக்குப் புதுசு. அதே சட்டையைத்தான் தினமும் துவைத்துப் போடுகிறான் பாவம் என்று தண்டல்காரருக்குத் தோன்றும். நம் அரசியல்வாதிகள் இதை எப்போதோ கண்டுகொண்டுவிட்டார்கள். வெள்ளையைப் பார்த்து யாருக்கு எவ்வளவு கடன், யாருக்கு எவ்வளவு சொத்து என்று இந்நாட்டில் இன்றுவரை எவரும் கணித்ததில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடக்கு மாசி வீதியிலோ யானைக்கல்லிலோ பளிச்சென்ற வெள்ளைச் சட்டையில் தெரிந்தவர் எவரையாவது கண்டால், “சட்டை நல்லாருக்கே, புதுசா?” என்று அன்போடுகூடக் கேட்க வேண்டாம். பின்னால் வண்டி நிற்கலாம்.